இலங்கையைச் சுற்றிப் பார்க்க: எந்தத் தடத்தில் எந்த வண்டி?

இலங்கையின் பரப்பளவு 65,610 சதுர கிலோமீட்டர், ஏறத்தாழ தமிழ்நாட்டில் பாதி. வடமுனையிலிருந்து தென்முனை வரை அளந்தால் சுமார் 435 கிலோமீட்டர்தான் வரும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு நான்கே நாளில் தீவை முழுதும் சுற்றிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் இரண்டாம் நாளே களைத்துப்போகிறார்கள். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் சாலைவழித் தூரம் 75 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான், ஆனாலும் வளைவுகளில் ஏறி அங்கே போய்ச் சேரக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகிறது. கண்டியிலிருந்து எல்ல என்ற மலையூர் வரை ரயிலில் செல்ல ஆறிலிருந்து ஏழு மணி நேரம் வேண்டும். ஆகவே கிலோமீட்டரை மறந்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை மணி நேரம் ஆகும், அந்தக் கட்டத்துக்கு எந்த வண்டி பொருந்தும் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் வைத்துத் திட்டமிடுவதே சரியான வழி. பயணம் முழுவதற்கும் ஒரே வாகனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாற்றி மாற்றிப் பயணம் செய்கிறவருக்கே இந்த நாடு செலவும் களைப்பும் குறைந்ததாக அமைகிறது.

முதல் படி: நுழையும் வாசலும் வெளியேறும் வாசலும்

பெரும்பாலான விமானங்கள் கட்டுநாயக்கவில் இறங்குகின்றன. கொழும்பு விமான நிலையம் என்று சொல்லப்பட்டாலும் அது நகருக்கு வடக்கே 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, நீர்கொழும்புக்கு அருகில் இருக்கிறது. 2019 அக்டோபரில் பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்ட பிறகு, சென்னையிலிருந்து நேராக வடக்கில் இறங்கவும் வழி பிறந்தது. மூன்றாவது வாசல் கடல்வழி. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் சேவை இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. கடப்பதற்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் கடலின் நிலையைப் பொறுத்துக் கப்பல் நிறுத்தப்படும் என்பதால், திரும்பும் தேதி கண்டிப்பாக இருக்கிறவர்கள் கப்பலை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து செல்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் யோசனை, வடக்கே நுழைந்து கட்டுநாயக்க வழியாக வெளியேறுங்கள் என்பதே. தலைகீழாகவும் செய்யலாம். கொழும்பை நடுவாக வைத்து ஒவ்வொரு ஊருக்கும் போய்த் திரும்பினால், வந்த வழியிலேயே திரும்புவதில் மட்டும் இரண்டு நாள் கரைந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து அனுராதபுரம், தம்புள்ளை, கண்டி, மலைநாடு, தெற்குக் கடற்கரை, கொழும்பு என்று ஒரே திசையில் இறங்கிவந்தால் எந்தச் சாலையையும் இரண்டு முறை கடக்க வேண்டியதில்லை.

கட்டுநாயக்கவில் இறங்குகிறவர்கள் அன்றிரவே கொழும்புக்குப் போக வேண்டுமா என்பதையும் யோசிக்க வேண்டும். நள்ளிரவில் வந்து சேர்கிறவர்களுக்கு 10 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள நீர்கொழும்பில் தங்குவதுதான் நிம்மதி. கொழும்புக்குச் செல்கிறவர்களுக்கு அதிவேக நெடுஞ்சாலை வழியே செல்லும் 187-ஆம் இலக்க பஸ் இருக்கிறது. இல்லையென்றால், வருகைக் கூடத்துக்குள் உள்ள வாகனச் சேவை முகப்புகளிலோ கைப்பேசிச் செயலியிலோ கார் அமர்த்திக்கொள்ளலாம். இலங்கையில் பஸ் தடங்களை எண்ணால் குறிப்பிடும்போது ‘இலக்கம்’ என்பார்கள். அந்தச் சொல்லை நாமும் பழகிக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: ரயில் போகும் ஊர், போகாத ஊர்

திட்டத்தில் உள்ள ஊர்களை எழுதி வைத்துக்கொண்டு, எதற்கெல்லாம் ரயில் உண்டு என்று முதலில் பிரியுங்கள். இலங்கை ரயில் வலைப்பின்னல் விரிந்த உள்ளங்கை போன்றது. கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ஒரு பாதை கடலோரமாகக் காலி, மாத்தறை வழியே பெலியத்த வரை தெற்கே போகிறது. இன்னொரு பாதை பொல்காவலைச் சந்திப்பில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை கண்டிக்கும் மலைநாட்டைக் கடந்து பதுளைக்கும் செல்ல, மறு கிளை வடக்கே செல்கிறது. வடக்குப் பாதையில் மாகோ சந்திப்பில் கிழக்குக் கிளை பிரிகிறது. அதுவும் கல்ஓயாவில் திருகோணமலைக்கும் பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கும் இரண்டாகிறது. நேரே செல்லும் வடக்குப் பாதை அனுராதபுரம் தாண்டி மதவாச்சியில் தலைமன்னாருக்கு ஒரு கிளையை விட்டுவிட்டு, வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் வழியாகக் காங்கேசன்துறையில் முடிகிறது.

இந்தப் படத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டால் எந்த ஊர்களில் ரயில் இல்லை என்பதும் தெளிவாகிவிடும். தம்புள்ளைக்கும் சிகிரியாவுக்கும் ரயில் கிடையாது. சிகிரியாவுக்கு அருகில் உள்ள நிலையம் ஹபரணை. நுவரெலியா நகருக்குள் இன்று ரயில் நிலையம் இல்லை. எட்டு ஒன்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள நானுஓயாவில் இறங்கி, பஸ்ஸிலோ ஆட்டோவிலோ ஏறிச் செல்ல வேண்டும். சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் ஹட்டனில் இறங்க வேண்டும். கதிர்காமம், திஸ்ஸமஹாராம, அறுகம்பை, முல்லைத்தீவு ஆகியவற்றுக்குச் சாலை மட்டுமே வழி.

மூன்றாம் படி: ரயில் இருக்கையை முன்கூட்டியே உறுதி செய்வது

நிலையப் பலகைகளில் ‘புகையிரத நிலையம்’ என்று எழுதியிருப்பார்கள். இந்தத் தீவில் முதல் ரயில் ஓடியது 1864-இல், கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை. 1867-இல் கண்டியைத் தொட்ட பாதை, மலையை ஏறி இறங்கிப் பதுளையை அடைய 1924 ஆயிற்று. தேயிலையையும் காப்பியையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகவே அந்த மலைப்பாதை போடப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தோட்டத் தொழிலாளர்களின் உழைப்பு அந்தச் சரிவுகள் எங்கும் கிடக்கிறது என்பதை, ஜன்னலோரம் உட்கார்ந்து பச்சை மலைகளைப் பார்க்கும் தமிழர் ஒருவர் நினைக்காமல் இருக்க முடியாது. கடல் மட்டத்திலிருந்து 1,891 மீட்டர் உயரத்தில் உள்ள பட்டிப்பொல நிலையமே நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம்.

இனி நடைமுறைக்கு வருவோம். முன்பதிவு பயண நாளுக்கு 30 நாள் முன்னதாகத் திறக்கிறது. இலங்கைப் புகையிரதத் திணைக்களத்தின் இணையதளத்தில் நேரடியாகவோ முக்கிய நிலையங்களின் முன்பதிவு முகப்பிலோ இருக்கையைப் பெறலாம். கண்டி–எல்ல தடத்தில், குறிப்பாக டிசம்பர் முதல் மார்ச் வரையிலும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும், முன்பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே இருக்கைகள் தீர்ந்துவிடுகின்றன. இடைத்தரகர்கள் மொத்தமாக வாங்கிப் பல மடங்கு விலைக்கு விற்பது பெரிய சிக்கலாக வளர்ந்ததால், இப்போது இணையத்தில் முன்பதிவு செய்யும்போது கடவுச்சீட்டு எண் கேட்கப்படுகிறது. பயணச்சீட்டில் உள்ள எண்ணுக்கு உரிய அதே கடவுச்சீட்டைப் பயணத்தின்போது கையில் வைத்திருங்கள். வேறொருவர் பெயரில் எடுத்த சீட்டை வெளியில் விலை கொடுத்து வாங்குவது பணத்தையும் பயணத்தையும் ஒருங்கே இழக்கும் வழி.

எந்த வகுப்பு என்ற கேள்விக்குப் பலரும் யோசிக்காமல் முதல் வகுப்பு என்று பதில் சொல்லிவிடுகிறார்கள். குளிரூட்டப்பட்ட முதல் வகுப்புப் பெட்டியில் ஜன்னல்களைத் திறக்க முடியாது. யாழ்ப்பாணத்துக்கு வெயிலில் நீண்ட நேரம் செல்கிறவருக்கு அது பொருத்தமானது. மலைநாட்டில் அதே கண்ணாடி உங்களுக்கும் காற்றுக்கும் இடையே சுவராக நிற்கும். மலைப்பாதைக்கு என் தேர்வு முன்பதிவு செய்யப்பட்ட இரண்டாம் வகுப்பு, அது கிடைக்காவிட்டால் முன்பதிவு உள்ள மூன்றாம் வகுப்பு. இரண்டிலும் ஜன்னல் திறக்கும், இருக்கையும் உறுதி.

முன்பதிவு கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. முன்பதிவற்ற பெட்டிகளைக் கொண்ட ரயில்களில் இரண்டாம், மூன்றாம் வகுப்புச் சீட்டுகளைப் பயண நாளன்றே நிலையத்தில் வாங்கலாம், அவற்றுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. வரம்பு இல்லாததாலேயே கூட்டமும் எல்லையின்றி இருக்கும். நின்றுகொண்டு ஏழு மணி நேரம் போவது எல்லோராலும் இயலாது. அப்படிப்பட்டவர்கள் கண்டியிலிருந்து நானுஓயா வரை பஸ்ஸிலோ காரிலோ சென்று, அங்கிருந்து எல்ல வரை மட்டும் ரயிலில் போகலாம். ஹப்புத்தளையைச் சூழ்ந்த மலைவிளிம்புக் காட்சிகள் எல்லாம் அந்தப் பகுதியில்தான் வருகின்றன. கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் சில ரயில்கள் கண்டி நகருக்குள் நுழையாமல் பேராதனைச் சந்திப்பிலேயே மலைப்பாதைக்குத் திரும்பிவிடுகின்றன என்பதையும் கவனியுங்கள். கண்டியில் காத்திருந்து ரயிலைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. பேராதனை அங்கிருந்து ஆட்டோவில் போகும் தூரம்தான்.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுப்பதற்காகத் தண்டவாளத்தில் நடப்பதும், ஓடும் ரயிலின் வாசற்படியில் உடலை வெளியே நீட்டித் தொங்குவதும் இன்று வழக்கமாகிவிட்டன. பாறையும் சுரங்கச் சுவரும் பெட்டிக்கு ஓர் அடி தூரத்தில் வந்து போகும் பாதை அது. சுற்றுலாப் பயணிகள் விழுந்து உயிரிழந்திருக்கிறார்கள். வாசலில் நிற்க வேண்டுமென்றால் கைப்பிடியை விடாமல் உள்ளே நில்லுங்கள். குழந்தைகளை அங்கே விடவே விடாதீர்கள்.

மற்ற தடங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். கொழும்பிலிருந்து காலிக்குச் செல்லும்போது வலப்பக்க ஜன்னல் கடல் பக்கம். சில இடங்களில் அலைத்தெறிப்பு தண்டவாளத்துக்கு வெகு அருகில் வரும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை ஒரு முழு ரயிலையே புரட்டிப்போட்ட பெரெலியவும் இந்தத் தடத்தில்தான் இருக்கிறது. வடக்குப் பாதை 1990-இல் போரால் அறுந்து, 2014 அக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியது, 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை நீண்டது. 1956-இல் தொடங்கிய ‘யாழ்தேவி’ ரயில் அதே பெயரில் இன்றும் ஓடுகிறது. வவுனியாவுக்கு வடக்கே புதிதாகக் கட்டிய நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோகும்போது, அந்த 24 ஆண்டு இடைவெளியின் கனம் புரியும். பகலில் செல்லும்படி திட்டமிடுங்கள். ஒரு சிறு நினைவூட்டல்: இறங்கும் நிலையத்தில் பயணச்சீட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அதைக் கசக்கி எறிந்துவிட்டு வாயிலில் விழிக்க வேண்டாம்.

2025 நவம்பர் இறுதியில் தாக்கிய டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் மண்சரிவால் சேதமடைந்தது. பெருமழைக்குப் பின் சீரமைப்புப் பணிக்காகச் சில பகுதிகள் மூடப்படுவது இங்கே வழக்கம். அத்துடன் ரயில் ஊழியர் வேலைநிறுத்தம் குறுகிய அறிவிப்பில் வருவதும் உண்டு. எனவே கிளம்புவதற்கு முந்தைய நாள், தங்கும் விடுதியிலோ நிலையத்திலோ ரயில் ஓடுகிறதா, எதுவரை ஓடுகிறது என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: பஸ்ஸை நம்புவது எங்கே, எங்கே கூடாது

ரயில் போகாத ஊருக்கும் பஸ் போகும். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு நிற பஸ்களைச் சுருக்கமாக இ.போ.ச. பஸ் என்பார்கள். 1958-இல் தனியார் பஸ்கள் எல்லாம் தேசியமயமாக்கப்பட்டுத் தொடங்கப்பட்ட அமைப்பு அது. பிற்காலத்தில் தனியாரும் அனுமதிக்கப்பட்டு, இன்று இரு தரப்பும் ஒரே தடத்தில் போட்டி போட்டு ஓடுகின்றன. இ.போ.ச. பஸ்கள் பெரும்பாலும் அசோக் லேலண்ட் வண்டிகள் என்பதால், நம் ஊர் அரசுப் பேருந்தின் இரைச்சலும் இருக்கையும் அங்கேயும் பழக்கமானவையாகவே தோன்றும்.

தட இலக்கங்களில் சிலவற்றை நினைவில் வைத்துக்கொள்வது பயன் தரும். கொழும்பு–கண்டி 1, கொழும்பு–காலி–மாத்தறை 2, கொழும்பு–யாழ்ப்பாணம் 87, கொழும்பு–பதுளை 99. கொழும்பில் பஸ்கள் புறக்கோட்டையில் உள்ள வெவ்வேறு நிலையங்களிலிருந்து புறப்படுகின்றன. இ.போ.ச. பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே இடத்திலிருந்து கிளம்பும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் செல்லும் பஸ்களுக்குக் கொட்டாவைக்கு அருகே மாகும்புர என்ற இடத்தில் தனி நிலையம் உண்டு. காலிக்குச் சாதாரண சாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்போது, 2011-இல் திறக்கப்பட்ட அந்த நெடுஞ்சாலையில் மாகும்புரவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம்.

கட்டணத்தை நடத்துநரிடம் பணமாகக் கொடுக்க வேண்டும். எரிபொருள் விலையைப் பொறுத்துக் கட்டணம் அடிக்கடி திருத்தப்படுவதால் தொகையை இங்கே எழுதுவதில் பொருளில்லை. சில்லறை நோட்டுகளை வைத்துக்கொண்டால் தகராறு வராது. 2024 பிப்ரவரி முதல் இந்திய யுபிஐ வழியே இலங்கைக் கடைகள் பலவற்றில் பணம் செலுத்த முடிகிறது. ஆனாலும் சாதாரண பஸ்ஸில் அதை நம்பி ஏற முடியாது. பெரிய பெட்டிக்கு ஓட்டுநருக்கு அருகிலோ பின்பகுதியிலோதான் இடம். சிறிய குளிரூட்டப்பட்ட பஸ்களில் பெட்டிக்காக இன்னோர் இருக்கைக்கும் கட்டணம் கேட்கக்கூடும். முன் இருக்கைகள் மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டவை. பௌத்த துறவி ஒருவர் ஏறினால் எழுந்து இடம் விட வேண்டும், அவரருகே பெண்கள் அமர்வதைத் தவிர்ப்பது அங்குள்ள வழக்கம்.

பெயர்ப்பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது விதி, ஆனாலும் தென்பகுதியில் பஸ்ஸின் முகப்பில் சிங்களம் மட்டுமே பெரிதாகத் தெரியும். இலக்கத்தைப் பார்த்து ஏறுவதே எளிது. ‘கீயத’ என்றால் எவ்வளவு, ‘நவத்தன்ன’ என்றால் நிறுத்துங்கள். இவ்வளவு சிங்களம் போதும். வடக்கிலும் கிழக்கிலும் மலைநாட்டிலும் தமிழ் பேசியே சமாளிக்கலாம். பொலன்னறுவைக்குப் போகும் பஸ்கள் பழைய நகரைத் தாண்டி நான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள கதுருவெலவில்தான் முடிகின்றன. இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் முன்னதாகவே இறங்க வேண்டும் என்று நடத்துநரிடம் சொல்லி வையுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் உறுதியாக இருக்கிறேன். மலைப்பாதையில் இரவு பஸ் வேண்டாம். 2025 மே மாதம் கொத்மலைப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வளைவுகளும் மூடுபனியும் களைத்த ஓட்டுநரும் சேரும் நேரம் பொழுது விடிவதற்கு முந்தைய நேரம். இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் பகல் பயணத்துக்குப் பஸ்ஸைப் போல வசதியானது வேறில்லை. அதற்கு மேல் என்றால் ரயிலோ காரோ இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: ஆட்டோ

முச்சக்கர வண்டி என்பது எழுத்து வழக்கு, ஓட்டோ என்பது பேச்சு வழக்கு. கொழும்பில் மீட்டர் உள்ள வண்டிகள் கிடைக்கும். பிக்மீ, ஊபர் ஆகிய செயலிகளில் வண்டி அழைத்தால் தொகை முன்கூட்டியே தெரிந்துவிடும். உள்ளூர் சிம் அட்டையை விமான நிலையத்திலேயே வாங்கிவிட்டால் ஓட்டுநரோடு பேசுவதற்கும் வசதி. எல்ல, சிகிரியா போன்ற சுற்றுலா ஊர்களில் செயலி வழியே வண்டி கிடைப்பது அரிது. அங்கே விடுதிக்காரரிடம் நியாயமான தொகை என்ன என்று கேட்டுக்கொண்டு, ஏறுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். போகவர மட்டுமா, காத்திருப்பும் சேர்த்தா என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். நகருக்குள்ளும் பக்கத்து ஊர்களுக்கும் ஆட்டோ போதும். அதிவேக நெடுஞ்சாலையில் அதற்கு அனுமதி இல்லை.

ஆறாம் படி: ஓட்டுநருடன் கார், அதுவும் தேவையான நாள்களுக்கு மட்டும்

முதியவர்களும் குழந்தைகளும் உள்ள குடும்பம் ஒன்று பயணம் முழுவதற்கும் வேன் அமர்த்திக்கொள்வது இயல்பு, அதில் தவறில்லை. மற்றவர்களுக்கு நான் சொல்வது, ஒன்றுக்கொன்று அருகில் பல இடங்கள் கிடக்கும் பகுதியில் மட்டும் காரை எடுங்கள் என்பதுதான். தம்புள்ளை, சிகிரியா, பொலன்னறுவை, மின்னேரியா என்று இரண்டு நாளில் சுற்ற வேண்டிய பகுதிக்கு அது ஏற்றது. எல்லவிலிருந்து வெல்லவாய வழியாகத் தென்கடற்கரைக்கு இறங்கும் ஒரு நாளுக்கும் ஏற்றது. கொழும்பு–கண்டி போன்ற நேர்த்தடத்துக்குக் கார் எடுத்தால், வாகன நெரிசலில் நகராமல் நிற்பதற்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

பேசும்போது இவற்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் வரை அந்தத் தொகை, எரிபொருள் அதில் சேர்ந்ததா, நெடுஞ்சாலைச் சுங்கம் யாருடையது, ஓட்டுநரின் உணவும் இரவுத் தங்கலும் யார் பொறுப்பு, ஓட்டுநரைக் கடைசி ஊரில் விட்டுவிட்டால் அவர் காலியாகத் திரும்பும் தூரத்துக்குக் கட்டணம் உண்டா. பல விடுதிகளில் ஓட்டுநர்களுக்கெனத் தங்குமிடம் இருக்கும். இல்லாத இடங்களில் அவர் வண்டியிலேயே தூங்கும்படி விட்டுவிடாதீர்கள். அவர் நன்றாகத் தூங்கினால்தான் மறுநாள் மலைவளைவுகளில் நீங்கள் பத்திரமாக இருப்பீர்கள். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை ஓட்டுநர்–வழிகாட்டிகளுக்கு உரிமம் வழங்குகிறது. வரலாற்று இடங்களை விளக்கிச் சொல்லும் ஒருவர் வேண்டுமென்றால் அந்த உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். வழியில் மூலிகைத் தோட்டம், இரத்தினக் கடை என்று நிறுத்தினால் விருப்பமில்லை என்று மரியாதையாகச் சொல்லலாம். வற்புறுத்துகிறவரோடு இரண்டாம் நாள் தொடர வேண்டியதில்லை.

ஏழாம் படி: நீங்களே ஓட்டுவதானால்

அங்கும் சாலையின் இடப்பக்கமே ஓட்ட வேண்டும், எனவே நமக்குத் தடுமாற்றம் குறைவு. நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதிச் சீட்டை எடுத்துச் செல்லுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. அதற்கு இலங்கையில் அங்கீகாரம் பெற்ற பிறகே ஓட்டலாம். கொழும்பில் உள்ள இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் இதைச் செய்வது நீண்டகால வழக்கம். 2025 ஆகஸ்டிலிருந்து சுற்றுலாப் பயணிகளுக்குத் தற்காலிக அனுமதி வழங்கும் முகப்பு ஒன்றைக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே திறந்திருக்கிறார்கள். முச்சக்கர வண்டியையோ மோட்டார் சைக்கிளையோ வாடகைக்கு எடுத்து ஓட்டும் ஆசை இருந்தால், உங்கள் அனுமதி அந்த வாகன வகைக்கும் பொருந்துகிறதா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பொருந்தாத அனுமதியோடு விபத்தில் சிக்கினால் காப்பீடு கைகொடுக்காது.

நகர்ப்பகுதியில் மணிக்கு 50, வெளியே 70, அதிவேக நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் என்பது கார்களுக்கான வேக வரம்பு. நெடுஞ்சாலையில் பின்னால் அமர்ந்திருப்பவர்களும் ஆசனப்பட்டி அணிய வேண்டும். பெரிய சவால் பஸ்கள். வளைவிலும் முந்துவார்கள், ஒதுங்கி வழிவிடுவதே அறிவு. இருட்டிய பிறகு ஹபரணை, மின்னேரியா, பொலன்னறுவைச் சாலைகளிலும், புத்தளை–கதிர்காமம் சாலையிலும் யானைகள் இறங்கும். 2025 பிப்ரவரியில் ஹபரணைக்கு அருகே இரவில் ரயில் மோதிப் பல யானைகள் இறந்தன. அந்தப் பகுதிகளில் மாலை ஆறு மணிக்கு முன் தங்குமிடம் சேர்ந்துவிடும்படி புறப்படுங்கள். சாலையோரம் நிற்கும் யானைக்குப் பழம் நீட்டுவது அதற்கும் கேடு, உங்களுக்கும் ஆபத்து.

எட்டாம் படி: படகும் வானூர்தியும்

யாழ்ப்பாணத் தீவுகளுக்குப் போகிறவர்கள் புங்குடுதீவில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கடல்மேல் போட்ட சாலையில் பஸ்ஸில் செல்லலாம். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகு சிறு பொழுதில் போய்விடும். நெடுந்தீவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும், ஒரு நாளில் சில முறைதான் படகு ஓடும். திரும்பும் கடைசிப் படகு எப்போது என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், காலையில் முதல் படகிலேயே போய்விடுங்கள். நீரில் இறங்கி எழும் சிறு வானூர்திகளும் உள்நாட்டுச் சேவையில் உண்டு. கட்டணம் மிக அதிகம், பெட்டியின் எடைக்கும் கடும் வரம்பு. நேரம் இல்லாதவர்களுக்கு மட்டுமே அது.

ஒன்பதாம் படி: நாள்காட்டியைப் பார்ப்பது

ஏப்ரல் 13, 14 தேதிகளில் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு வருகிறது. அதற்கு முந்தைய நாள்களில் கொழும்பிலிருந்து வெளியேறும் எந்த வண்டியிலும் இடமிருக்காது. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் ஊருக்குப் போய்விடுவதால் புத்தாண்டுக்குப் பின் சில நாள் பஸ்களே குறைந்துவிடும். ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை. அது வார இறுதியோடு ஒட்டிவந்தால் நுவரெலியா, எல்லச் சாலைகள் அடைத்துவிடும். ஆடி, ஆவணியில் கண்டிப் பெரஹரா ஊர்வலம், நல்லூர்த் திருவிழா, மடு மாதா பெருவிழா ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. அந்த நாள்களில் ரயில் இருக்கைக்கும் தங்குமிடத்துக்கும் ஒரே நேரத்தில் முன்பதிவு செய்யுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலும் மலைச்சரிவிலும் மழை, அக்டோபர் முதல் ஜனவரி வரை வடக்கிலும் கிழக்கிலும் மழை. இதை ஒட்டியே சுற்றின் திசையை முடிவு செய்ய வேண்டும்.

பத்தாம் படி: எல்லாவற்றையும் ஒரே கோட்டில் சேர்ப்பது

பத்து நாள் இருக்கிறது, பலாலியில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு நாளும் யாழ்ப்பாணத்தில் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் படகிலும் கழியட்டும். மூன்றாம் நாள் காலை ரயிலில் அனுராதபுரம் இறங்கி, பிற்பகலில் வாடகை மிதிவண்டியில் புனித நகரைச் சுற்றலாம். சமதரை என்பதால் களைப்பு தெரியாது. நான்காம் நாள் பஸ்ஸில் தம்புள்ளை சென்று, அங்கிருந்து ஐந்தாம் நாள் வரை ஓட்டுநருடன் கார் எடுத்து சிகிரியாவையும் பொலன்னறுவையையும் பார்த்துவிடுங்கள். சிகிரியாக் குன்றில் வெயிலுக்கு முன் ஏறிவிட வேண்டும் என்பதால், இங்கே சொந்தமாக வண்டி இருப்பது மதிப்புள்ள செலவு. ஆறாம் நாள் தம்புள்ளையிலிருந்து கண்டிக்குப் பஸ், சுமார் 70 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். ஏழாம் நாள், ஒரு மாதம் முன்பே பதிவு செய்த இருக்கையில் எல்ல வரை ரயில். எட்டாம் நாள் முழுவதும் எல்லவிலேயே இருங்கள். பாதை மூடப்பட்டு ரயில் பயணம் ஒரு நாள் தள்ளிப்போனால், தாங்கிக்கொள்ள இந்த நாள் உதவும். ஒன்பதாம் நாள் வெல்லவாய வழியே மாத்தறைக்கு பஸ்ஸிலோ காரிலோ இறங்கிக் காலியில் தங்குங்கள். பத்தாம் நாள் காலை கடலோர ரயிலில், இம்முறை இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்து, கொழும்புக் கோட்டை வந்து சேரலாம்.

விமானம் மறுநாள் அதிகாலையில் என்றால் கொழும்பில் தங்காமல் அன்று மாலையே நீர்கொழும்புக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து விமான நிலையத்துக்கு எந்த நேரத்திலும் ஆட்டோவிலோ காரிலோ அரை மணிக்குள் போகலாம். அந்த வண்டியை முதல் நாள் இரவே விடுதியில் சொல்லி ஏற்பாடு செய்துவிடுங்கள்.